ஐந்தாவது புரோக்கர்

ஆரபி அந்தக் கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. நெல்லியடிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. போட்டோகொப்பி எடுக்கலாம், விண்ணப்பம் நிரப்பலாம், கனடாவுக்குப் பத்திரங்களை ஸ்கான் செய்து அனுப்பலாம். ஆங்கிலப் படிவம் எதுவென்றாலும் ஆட்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். கணக்கியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவள். அப்பா படுக்கையில் விழுந்ததால் விட நேர்ந்தது. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குக் கோபம் வரும்.

மாசி மாதத்தில் செந்தூரன் கடைக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். நீளக்கைச் சேட்டைக் களுசானுக்குள் விட்டு, நல்ல சப்பாத்துப் போட்டிருந்தான். இணையத்தில் டொலரும் யூரோவும் வாங்கி விற்கிற தொழிலைப் பழக்குவதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கலியாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு வைத்தான். அந்த வியாபாரத்தை நடத்துகிற ஒரு புரோக்கர் கொம்பனியில் கணக்குத் திறக்க விரும்புகிறவர்களை இந்தக் கடைக்கு அனுப்புவான். ஒரு விண்ணப்பத்துக்குக் கடைக்கு ஆயிரத்தைந்நூறு ரூபா. கடை முதலாளி இராசநாயகம் சந்தோசமாகச் சம்மதித்தார்.

ஆரபி நிரப்பினாள். அடையாள அட்டையை ஸ்கான் செய்வாள், படம் எடுப்பாள், பெயரையும் விலாசத்தையும் தட்டுவாள், கீழே இருக்கிற சின்னப் பெட்டிக்குச் சரி போட்டு அனுப்புவாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ‘நிபந்தனைகளை வாசித்து ஏற்றுக்கொள்கிறேன்’ என்று இருக்கும். ஒருவரும் வாசிக்கவில்லை. அவளும் வாசிக்கவில்லை.

சித்திரை தொடங்கிய கிழமை, செந்தூரனின் வான் வண்டியில் வந்து இறங்கிய ஆறு பேரில் ஒருத்தி பூரணம். மயிலிட்டியில் கருவாடு போடுகிறவள், நாற்பத்தெட்டு வயது. கணவருக்கு இருதய ஒப்பரேசன் செய்த பிறகு கடலுக்குப் போக வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். படகின் எஞ்சினை விற்ற காசு வங்கியில் கிடந்தது. அதை மூன்று மாதத்தில் இரட்டிப்பாக்கலாம் என்று செந்தூரன் சொல்லியிருந்தான்.

ஆரபி அடையாள அட்டைக்குக் கையை நீட்டினாள். பூரணம் கொடுக்கவில்லை.

"கொம்பனியின்ரை பேர் என்ன தங்கச்சி?"

ஆரபி பெயரைச் சொன்னாள்.

"உது ஒண்டுதானோ இருக்கு?"

"இல்லையக்கா. உப்பிடிப் புரோக்கர் கொம்பனியள் நூற்றுக்கணக்கில இருக்கு."

"அப்ப நீர் ஏன் எல்லாருக்கும் இதிலையே போடுறீர்? நான் ஒரு வலை வாங்கிறதெண்டாலும் நாலு கடை ஏறி இறங்கிற ஆள். இது எங்கடை முழுக் காசு."

ஆரபி திரையில் இருந்த கொம்பனியின் பெயரைத் திரும்ப ஒருதரம் வாசித்தாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"இண்டைக்கு எனக்கு நிரப்ப வேண்டாம்," என்றாள் பூரணம். "மற்றக் கொம்பனியளையும் பாத்து எது திறமெண்டு சொல்லும். பத்து நாளால வாறன். உம்மடை வேலைக்குரிய காசைத் தருவன்."

அவள் வானில் ஏறாமல் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போனாள்.

அன்று பின்னேரம் ஆரபி ஒரு கொப்பியை எடுத்து ஐந்து நிரல்கள் கீறினாள். ஆட்கள் அதிகமாகப் பெயர் சொல்கிற நான்கு வெளிநாட்டுப் புரோக்கர்கள். ஐந்தாவதாகச் செந்தூரனின் கொம்பனி. எல்லாருக்கும் ஒரே கேள்விகள். அனுமதிப்பத்திரம் யார் கொடுத்தது? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் வைக்கிறீர்கள்? போட்ட காசைத் திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில் வரும்?

கடையில் கூட்டம் குறைகிற நேரமெல்லாம் வாசித்தாள். ஒவ்வொரு கொம்பனியின் உதவிப் பகுதிக்கும் எழுதிக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஆசையும் பிடித்துக்கொண்டது. விட்டுப்போன படிப்பு திரும்பக் கைக்கு வந்ததுபோல இருந்தது.

முதலாவது கொம்பனி லண்டனில் அனுமதி பெற்றது. ஆனால் இலங்கை விலாசத்தைத் தட்டியவுடன், பேர் தெரியாத ஒரு சின்னத் தீவில் பதிந்த கிளைக்கு விண்ணப்பம் மாறியது. லண்டன் சட்டம் அந்தக் கிளைக்குப் பொருந்தாது. இரண்டாவது, காசைக் கெதியில் திருப்பித் தருகிறது. ஆனால் விலை வித்தியாசம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. மூன்றாவது, போடுகிற காசுக்கு அரைவாசி போனஸ் என்றது. அந்தப் போனஸை எடுப்பதென்றால் முப்பது மடங்குக்கு வியாபாரம் செய்திருக்க வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. நான்காவது, தன் முகப்பிலேயே, தங்களிடம் கணக்கு வைத்திருப்பவர்களில் நாலில் மூன்று பங்கினர் காசை இழக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. ஆரபி அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை சொன்னது அது ஒன்றுதான்.

அந்த நான்காவதில் ஒரு பயிற்சிக் கணக்குத் திறந்தாள். அதில் போடுவது பொய்க் காசு. ஒரு டொலரை வைத்து நூறு டொலர் அளவுக்கு வியாபாரம் செய்ய விட்டார்கள். விலை நூற்றில் ஒரு பங்கு எதிர்ப்பக்கம் அசைந்தால் வைத்த டொலர் முழுவதும் போய்விடும். ஐந்து நாளில் அவளுடைய பொய்க் காசில் அரைவாசி கரைந்தது. பொய்க் காசுதான், ஆனாலும் ஒவ்வொரு நட்டத்தையும் கொப்பியில் எழுதி வைத்தாள்.

வங்கிக்கும் போனாள். அங்கேயிருந்த உத்தியோகத்தர் கையை விரித்தார்.

"உந்த வியாபாரத்துக்கு எங்கடை அட்டையால காசு அனுப்ப ஏலாது தங்கச்சி. மத்திய வங்கி விடாது."

"அப்ப ஆக்கள் எப்பிடி அனுப்பினம்?"

"அதை அனுப்பிற ஆக்களைத்தான் கேக்க வேணும்."

அந்தக் கேள்வியோடுதான் அவள் ஐந்தாவது கொம்பனியின் பக்கத்தைத் திறந்தாள். கீழே அனுமதிப்பத்திர இலக்கம் பெரிதாகப் போட்டிருந்தது. அந்த இலக்கத்தை அனுமதி கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டில் தேடினாள். இலக்கம் இருந்தது, ஆனால் கொம்பனியின் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம். இணையப்பக்க விலாசமும் வேறு. பதிவேட்டில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்குக் கணினி வழியாக அழைத்தாள். ஒரு கிழட்டுக் குரல் எடுத்தது. அவள் விசயத்தைச் சொல்லி முடிக்க முன்னரே அந்த மனிதர், அது எங்கள் பக்கம் இல்லை, எங்கள் இலக்கத்தை யாரோ களவாகப் பாவிக்கிறார்கள், இந்த மாதம் இதைக் கேட்கிற மூன்றாவது ஆள் நீங்கள் என்றார்.

பிறகு காசு போடும் படிவத்தைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் செந்தூரனே நிரப்பிய படிவம் அது. ரூபாவில் போட வேண்டும். கணக்கு கொழும்பில் ஒரு வங்கிக் கிளையில், ஒரு தனியாளின் பெயரில் இருந்தது. கொம்பனியின் பெயர் எங்கும் இல்லை.

அவள் மேசை லாச்சியைத் திறந்து பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். மாசியிலிருந்து நிரப்பிய விண்ணப்பங்களை விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்துமூன்று. எல்லாம் அவளுடைய கையெழுத்து.

சொன்ன நாளில் பூரணம் வந்தாள். ஆரபி கொப்பியை விரித்து ஒவ்வொன்றாய் விளங்கப்படுத்தினாள். பூரணம் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"முதல் நாலும் ஒருமாதிரியான கடையள். அஞ்சாவது கடையே இல்லை. அப்பிடித்தானே?"

"ஓமக்கா."

"நாலாவதில நீர் போடுவீரோ?"

"என்ரை காசை மாட்டன். உங்கடையையும் போட விடமாட்டன்."

"சரி. அப்ப ஏற்கெனவே போட்ட ஆக்களுக்குச் சொன்னனீரோ?"

ஆரபி அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

அன்றும் மறுநாளும் நாற்பத்துமூன்று பேருக்கும் போன் எடுத்தாள். பலர் நன்றி சொன்னார்கள், ஆனால் நம்பவில்லை. சிலர் ஏசினார்கள். இணுவிலில் ஒரு வாத்தியார், தன்னுடைய கணக்கில் காசு ஏறிக்கொண்டே இருப்பதைத் திரையில் பார்ப்பதாகவும், வயிற்றெரிச்சல்காரர் சொல்வதைத் தான் கேட்பதில்லை என்றும் சொல்லிப் போனை வைத்தார். ஆரபி கொப்பியில் இருந்ததைத் தமிழில் ஒரு பக்கத்துக்குத் தட்டி, அச்சடித்து, கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். மேலே கொட்டை எழுத்தில் ‘கணக்குத் திறக்க முன் வாசியுங்கள்’. கீழே தன்னுடைய முழுப் பெயர்.

இரண்டு மணித்தியாலத்தில் செந்தூரன் வந்துவிட்டான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சிஸ்டர், உங்களுக்கு விளங்காத விசயம் இது. நான் விளங்கப்படுத்திறன். முதல்ல உந்தப் பேப்பரைக் கழட்டுங்கோ."

"அதில பிழையான சொல் ஒண்டு காட்டுங்கோ. கழட்டிறன்."

"மானநட்ட வழக்குப் போட்டனெண்டால் வாழ்நாள் முழுக்க உழைச்சும் கட்டி முடிக்கமாட்டீங்கள்."

"போடுங்கோ. அந்தக் கொழும்புக் கணக்கு ஆரின்ரை பேரில இருக்கெண்டு நீதவானுக்கும் சொல்ல வேண்டி வரும்."

சிரிப்பு போய்விட்டது. அவன் ஆரபியை விட்டு இராசநாயகத்தின் பக்கம் திரும்பினான். "ஐயா, உங்கடை கடை, உங்கடை பேர். யோசிச்சுக் கொள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

இராசநாயகம் எழுந்து போய்க் கண்ணாடியில் இருந்த தாளை அடிவரை வாசித்தார். பிறகு ஆரபியின் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, எங்களுக்கேன் உந்த வில்லங்கம்? கழட்டிவிடும்."

"கழட்ட மாட்டன் ஐயா."

"நான் முதலாளி சொல்லுறன்."

"நீங்கள் கழட்டலாம். என்ரை கையால கழட்ட மாட்டன். நாப்பத்திமூண்டு பேரை என்ரை கையாலதான் அனுப்பினனான். இனி ஒரு ஆளையும் அனுப்ப மாட்டன்."

அவர் கண்ணாடியிலிருந்து தாளை உரித்து நாலாகக் கிழித்தார். துண்டுகளைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவருக்குக் கோபம் என்று ஆரபி நினைத்தாள். அவள் கணினிக்குத் திரும்பி அதே பக்கத்தை ஐம்பது பிரதி எடுத்தாள். கைப்பையிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஐம்பது கொப்பிக்குரிய காசு. கடைத் திறப்பு லாச்சிக்குள்ளை கிடக்கு, இனி நீங்களே கடையைத் திறவுங்கோ."

அவர் மறிக்கவில்லை. வீதிக்கு இறங்கிய பிறகுதான் அப்பாவின் மருந்துச் செலவு ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒருதரம் யோசித்தாள். பிறகு அந்த யோசனை வந்ததற்காகத் தன்னிலேயே ஆத்திரப்பட்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அறுபது பேர்வரை இருந்தார்கள். ஆரபியும் பூரணமும் வாசலில் நின்று ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டு, முன் வரிசையிலேயே போய் உட்கார்ந்தார்கள். செந்தூரன் அவர்களைக் கண்டும் காணாததுபோல் பாடத்தைத் தொடங்கினான். சுவரில் பெரிய திரை. அதில் தன்னுடைய கணக்கு என்று ஒன்றைத் திறந்து காட்டினான். நாற்பத்தெட்டாயிரம் டொலர். சனம் மூச்சு விடாமல் பார்த்தது.

பூரணம் எழுந்தாள். மீன் ஏலத்தில் விலை கூவிப் பழகிய குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"தம்பி, உதில இருந்து ஒரு நூறு டொலர் எடுத்துக் காட்டும் பாப்பம்."

"அக்கா, இண்டைக்கு ஞாயிறு. சந்தை பூட்டு."

ஆரபியும் எழுந்தாள். "சந்தைதான் பூட்டு. காசை எடுக்க விண்ணப்பம் போடுறதுக்கு ஞாயிறு திங்கள் இல்லை. பட்டனை அமத்துங்கோ. காசு வர நாலு நாள் எடுக்கட்டும். விண்ணப்பம் போகுதோ எண்டு மட்டும் பாப்பம்."

"வகுப்பைக் குழப்பாதேங்கோ."

"குழப்பேல்லை. இஞ்சை இருக்கிற ஆக்கள் முழுக் காசையும் தரப்போகினம். நீங்கள் நூறு டொலர் எடுத்துக் காட்டுங்கோ."

செந்தூரன் கணினியை மூடினான். திரை நீலமாகியது. பின்னாலிருந்து ஒருவர், "உவையை வெளியில விடுங்கோ, நாங்கள் படிக்க வந்தனாங்கள்!" என்று கத்தினார். வேறொருவர், "ஏன், அந்த மனிசி கேட்டதில என்ன பிழை? எடுத்துக் காட்டுமன்!" என்றார். கதிரைகள் இழுபட்டன. சனம் இரண்டாகப் பிரிந்து ஒருவரோடொருவர் கத்தியது. இருபது, இருபத்தைந்து பேர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். செந்தூரன் அவர்களிடம், துணிந்தவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள் என்று சொன்னது வாசல்வரை கேட்டது.

"பாத்தீரே, அரைவாசிக்கு மேல இருக்குதுகள்," என்றாள் பூரணம் வெளியே வந்ததும். அவளுக்கு அழுகை வருமளவுக்குக் கோபம்.

"எழும்பிப் போன ஆக்கள் தப்பிட்டினம் அக்கா. அது காணும் இண்டைக்கு."

ஆனியில் அந்த இணையப்பக்கம் ஒருநாள் காலை திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. செந்தூரனின் மூன்று போன் இலக்கங்களும் வேலை செய்யவில்லை. இணுவில் வாத்தியார் ஆரபிக்கு அழைத்து, தன்னுடைய கணக்கு வேறெங்காவது தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம் இராசநாயகம் அவளுடைய வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சவரம் செய்யாத முகம்.

"பன்னிரண்டு இலட்சம் பிள்ளை," என்றார். "மகளுக்கெண்டு வைச்சிருந்தது. பங்குனியில, உமக்குத் தெரியாமல், செந்தூரனைக் கொண்டே போட்டனான். வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது."

ஆரபிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. "அப்ப அண்டைக்கு ஏன் ஐயா அதைக் கிழிச்சனீங்கள்? முழுக்க வாசிச்சுப்போட்டுத்தானே கிழிச்சனீங்கள்?"

"ஓம், வாசிச்சனான்." அவர் படலையின் தடியைப் பிடித்துக்கொண்டார். "கிழிச்சால் பொய்யாப் போயிடுமெண்டு நினைச்சன்."

உள்ளே அப்பா இருமுவது கேட்டது.

"உமக்குத்தான் எல்லாம் தெரியும்," என்றார் அவர். "அவனைச் சத்தமில்லாமல் பிடிச்சு, கதைச்சு..."

"சத்தமில்லாமல் ஒண்டும் செய்யேலாது. பொலிசுக்கு எழுதிக் குடுப்பம். வாங்கோ."

"ஊர் சிரிக்கும் பிள்ளை. கொமினிகேஷன் வைச்சிருக்கிறவனே ஏமாந்து போனானெண்டு."

"சிரிக்கட்டும். என்னைப் பாத்தும் சிரிக்கத்தான் போகுது. அந்த விண்ணப்பங்களை நிரப்பினது நான். அதையும் எழுதித்தான் குடுக்கப் போறன். நீங்கள் வெக்கப்பட்டு வீட்டில இருந்தால் அவன் வேறை ஊரில போய் மண்டபம் எடுப்பான்."

அவர் படலையைத் திறந்து உள்ளே வந்தார். பிறகு, "எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார்.

அடுத்த நாலு நாளும் ஆரபி வீடு வீடாக ஏறினாள். சிலர் கதவே திறக்கவில்லை. சிலர் கொடுத்த காசையே இல்லை என்று மறுத்தார்கள். இராசநாயகத்தோடு சேர்த்துப் பதினொரு பேர் சம்மதித்தார்கள். ஒவ்வொருவரும் சொன்னதைத் தனித்தனியாக எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். பன்னிரண்டாவது வாக்குமூலம் அவளுடையது. பூரணத்துக்கு முறைப்பாடு செய்ய ஒன்றும் இல்லை. ஆனாலும் மண்டபத்தில் கண்டதைச் சாட்சியாகச் சொல்ல மயிலிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள்.

பொலிசில் இருந்த அதிகாரி வாக்குமூலக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். ஆரபியின் தாளில் கண்ணை நிறுத்தினார்.

"இதைத் தந்தால் உங்களையும் விசாரிக்க வேண்டி வரும், தெரியும்தானே?"

"விசாரியுங்கோ. அதுக்குத்தான் தாறன்."

"இவ்வளவு படிச்ச ஆக்கள் இருக்கிறீங்கள். எப்பிடி எல்லாரும் ஏமாந்தனீங்கள்?"

பின்னால் மர வாங்குகளில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஆரபி பார்க்கவில்லை.

"வாசிக்காமல் கையெழுத்து வைச்சதால. அதையும் எழுதுங்கோ."

ஆவணியில் செந்தூரனை வவுனியாவில் பிடித்தார்கள். கொழும்புக் கணக்கை நீதிமன்றம் முடக்கியபோது அதில் மிஞ்சியிருந்தது போட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது எப்போது கைக்கு வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆரபியை மூன்று தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்று தரமும் சொன்னதையே சொன்னாள். இராசநாயகத்தின் மனைவி அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை என்று கேள்வி. பூரணம் எஞ்சின் காசில் ஒரு பங்கை எடுத்துக் கருவாடு காயப்போடக் கம்பிவலைக் கொட்டில் ஒன்று அடித்தாள். மிச்சத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டாள். வட்டி காணாது என்று சந்திக்கும்போதெல்லாம் ஆரபியிடம் முறைப்பட்டாள்.

புரட்டாதியில் இராசநாயகம் திரும்பவும் வந்து வேலைக்குக் கூப்பிட்டார். ஆரபி இரண்டு நிபந்தனை வைத்தாள். விண்ணப்பத்துக்குக் கமிசன் கொடுக்கிற எவரும் கடைக்குள் வரக் கூடாது. எந்தப் படிவமானாலும் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

"நேரம் போகுமே பிள்ளை. ஆக்கள் வேறை கடைக்குப் போயிடுவினம்."

"போகட்டும் ஐயா."

அவர் சம்மதித்தார். முதல் கிழமையே ஆட்கள் முணுமுணுத்தார்கள். கடன் விண்ணப்பம் ஒன்றோடு வந்த ஒரு மனிதர், தனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது, கையெழுத்து எங்கே என்று காட்டினால் காணும் என்று கையை நீட்டினார்.

"இருங்கோ அண்ணை," என்றாள் ஆரபி. பேனையைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஏழு பக்கம் இருக்கு. முதலாம் பக்கத்தில இருந்து தொடங்கிறன்."